உரத்த தோத்திரம்

தமிழ்க் கிறிஸ்தவர்கள் பாட்டுக்காகச் சண்டை போட்டுக்கொள்வது புதிய விஷயமல்ல. இருநூறு வருடமாக நடந்துவருகிறது. எந்த ராகம் ஆகும், எந்தக் கொட்டு ஆகாது, யார் எழுந்து நின்று பாடலாம், எவ்வளவு சத்தமாகப் பாடலாம் என்ற கேள்விகள் தஞ்சாவூரில் கேட்கப்பட்டிருக்கின்றன, மதுரையில் கேட்கப்பட்டிருக்கின்றன. இப்போது பாயான் பாருவிலும் கேட்கிறார்கள். இடமும் வாத்தியமும்தான் வேறு.

நான் இதையெல்லாம் தேடிப் படிக்கக் காரணம் ஒரு கடிதம். கடைவீட்டு மேல்மாடி ஒன்றில் கூடும் சிறிய சபை அது. ஞாயிறு மாலைக் கூட்டங்களில் பாடிக்கொண்டிருந்த 58 வயதுக்காரர் ஒருவரை, 'சிறிது காலம் ஓய்வெடுக்கும்படி' அன்பாகக் கேட்டுக்கொண்டு சபைக் கமிட்டி அந்தக் கடிதத்தைக் கொடுத்தது. வாய்மொழியாகச் சொல்லப்பட்ட காரணங்கள் மூன்று. சத்தம் அதிகம். பாட்டெல்லாம் எண்பதுகளின் ஹார்ட் ராக், இளைஞர்களுக்குப் பிடிபடவில்லை. மூன்றாவதை யாரும் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை: "உங்க வயசுக்கு..."

அவரை இங்கே அங்கிள் என்றே குறிப்பிடுகிறேன். நான் கிறிஸ்தவன் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெஸ்ட் இன்ஜினியர். அங்கிளின் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன் என்னுடன் வேலை செய்பவன், அவன் கூப்பிட்டு சவுண்ட் மேசையில் உட்காரப் போனவன் நான். கடிதம் வந்த வாரம் அங்கிள் என்னிடம் சொன்னார்: "தம்பி, நீ யூ.எஸ்.எம்.ல படிச்சவன். இதுக்கு முன்னால சபையில யாரையாச்சும் இப்டி வாய மூடச் சொல்லியிருக்காங்களான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

பார்த்தேன். சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் அதே சுவார்ட்ஸின் அரவணைப்பில் வளர்ந்தவர்தான். சாஸ்திரியார் எழுதிய பெத்லகேம் குறவஞ்சி பெயரிலேயே தன் காலத்தைச் சொல்லிவிடுகிறது. அன்றைய தஞ்சாவூரில் குறவஞ்சி என்பது மேடையில் ஆடிப்பாடி ரசிக்கப்பட்ட வடிவம். அந்த வடிவத்துக்குள்தான் அவர் கிறிஸ்துவைக் கொண்டுவந்தார். ஊர் ஊராகப் போய்ப் பாடினார். கச்சேரிபோலவே அதைச் செய்தார்.

1820களில் புதிய தலைமுறை மிஷனரிகள் வந்தார்கள். இவர்களுக்குப் பழைய லுத்தரன் மிஷனரிகளின் நெகிழ்வு பிடிக்கவில்லை. சாஸ்திரியார் அவர்களுடைய செயல்களை நான்கு கொடுமைகளாகத் தொகுத்து எழுதினார் என்கிறார் டென்னிஸ் ஹட்சன், 2000இல் வெளிவந்த தன் ஆய்வு நூலில். வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. சாதி பாராமல் ஒன்றாகக் கலக்க மறுத்தவர்களைச் சபையிலிருந்து விலக்கியது ஒன்று. கல்யாணத்திலும் பண்டிகையிலும் பூ வேண்டாம் என்றது ஒன்று. நான்காவது, தமிழ்ப் பாட்டையும் இசையையும் சபையில் தடுத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. இந்த நான்கில் இரண்டாவது விஷயத்தில் சாஸ்திரியார் நின்ற பக்கம் தவறான பக்கம். நற்கருணையில் எல்லாரும் சமமாகக் கலப்பதைக் கொடுமை என்று எழுதிய வேளாளர் அவர். தமிழ்க் கிறிஸ்தவ இசை வரலாற்றை எழுதுகிறவர்கள் சிலர் நான்காவது கொடுமையை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைப் பண்பாட்டுப் போராளியாக்கிவிடுகிறார்கள். பாட்டு விஷயத்தில் நான் சாஸ்திரியார் பக்கம். பந்தி விஷயத்தில் இல்லை. இரண்டும் ஒரே மனிதரின் ஒரே புகாரில் இருக்கின்றன என்பதுதான் சங்கடம்.

ஆனால் பாட்டுச் சண்டையில் அவர் ஜெயித்தார். 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், வழிபாட்டில் பாடுவதற்கென்றே தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதில் சாஸ்திரியாரின் பாட்டுகளுக்குப் பெரிய இடம். தடுக்கப்பட்ட இசை சுமார் கால் நூற்றாண்டில் புத்தகமாகிவிட்டது. இன்றைக்கு மலேசியாவில் தமிழ் லுத்தரன், மெதடிஸ்ட் சபைகளில் வெள்ளைச் சட்டை போட்ட தாத்தாக்கள் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிற கீர்த்தனைகள் அந்த வழியாக வந்தவை. பக்தியின் உச்சம் என்று இப்போது நாம் நினைக்கிற இசை ஒரு காலத்தில் 'உள்ளே விடாதே' பட்டியலில் இருந்தது. அங்கிளிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எனக்கு இன்னும் இருபத்தஞ்சு வருசம் இருக்குங்கற" என்றார்.

கதை அங்கே முடிந்திருந்தால் சாஸ்திரியார் படத்துக்கு மாலை போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஜெயித்த கீர்த்தனையே அடுத்த நூற்றாண்டில் வாசலை மறித்துக்கொண்டு நின்றது. தியோபிலஸ் அப்பாவு என்று ஒருவர், மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். பரட்டை என்ற பெயரில் பாட்டு எழுதியவர், 2005இல் இறந்தார். கர்நாடக இசைக் கீர்த்தனை மேல்சாதிக் கிறிஸ்தவர்களின் இசை, கிராமத்துத் தலித் கிறிஸ்தவனின் குரல் அதில் இல்லை என்பது அவர் கட்சி. நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். சாவுக்கு அடிக்கும் பறையைக் கோயிலுக்குள் அடிப்பதா என்ற கேள்வி எழுந்தது. ஸோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் அப்பாவுவைப் பற்றி 2014இல் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு கருத்து. நாட்டுப்புறப் பாட்டைப் பாடுகிறவர் அதைத் தன் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம், அப்படி மாற்றுவதுதான் அந்தப் பாட்டின் உயிர் என்பது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கிளின் குரலுக்கு வரும்போது தேவைப்படும்.

சத்தம் என்று பார்த்தால் இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். 1882இல் பம்பாயில் வந்திறங்கிய இரட்சணிய சேனையின் பிரெடரிக் டக்கர். இந்தியச் சிவில் சர்வீஸ் உத்தியோகத்தை விட்டவர், காவி உடுத்தி பக்கீர் சிங் என்று பெயர் வைத்துக்கொண்டவர். கொட்டும் ஊதலுமாகத் தெருவில் பாடிக்கொண்டு போனதற்காக அவரையும் கூட இருந்தவர்களையும் பிரிட்டிஷ் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கிறிஸ்தவ அரசாங்கம் கிறிஸ்தவனைப் பிடித்தது, கிறிஸ்தவப் பாட்டுக்காக.

இனி கிட்டார்.

பிசாசிடமே ஏன் நல்ல பாட்டெல்லாம் இருக்க வேண்டும் என்று மார்ட்டின் லுத்தர் கேட்டதாகச் சொல்வார்கள். அவர் கேட்டதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் அந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து 1972இல் லாரி நார்மன் ஒரு பாட்டு வெளியிட்டார். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1969இல், அவருடைய 'அப்பான் திஸ் ராக்' வந்திருந்தது. கிறிஸ்தவ ராக்கின் முதல் ஆல்பங்களில் ஒன்றாக அதைத்தான் சொல்கிறார்கள். நீண்ட முடி, ஹிப்பி உடுப்பு, ஆனால் பாடுவது இயேசுவை. சபைக்காரர்களுக்கு முடி பிடிக்கவில்லை, ராக் ரசிகர்களுக்கு இயேசு பிடிக்கவில்லை. 1978இல் சிகாகோவின் ரெஸரக்ஷன் பேண்ட் இன்னும் கனமான கிட்டாரோடு வந்தது. அவர்கள் ஒரே கட்டடத்தில் கூட்டுக் குடும்பம்போல் வாழ்ந்து சம்பாத்தியத்தைப் பொதுவில் வைத்தவர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஸ்டிரைப்பருடையது. கலிபோர்னியாவில் ஸ்வீட் குடும்பம் என்று ஒன்று. எழுபதுகளில் தொலைக்காட்சியில் ஜிம்மி ஸ்வாகர்ட் என்ற சுவிசேஷகரின் பிரசங்கத்தைப் பார்த்து அந்த வீடே மனம் மாறியது. மகன்கள் இருவர், ராபர்ட்டும் மைக்கேலும், வளர்ந்து பேண்ட் அமைத்தார்கள். மஞ்சளும் கறுப்புமாக உடம்போடு ஒட்டிய உடை, மேடையிலிருந்து கூட்டத்துக்குள் புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களை வீசுவது, எட்டாத உயரத்துக்குப் போகும் குரல். 1986இல் வந்த 'டு ஹெல் வித் த டெவில்' பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அடுத்த வருடம் அதே ஸ்வாகர்ட் கிறிஸ்தவ ராக் என்பது ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்று புத்தகமே எழுதினார். தன் பிரசங்கத்தில் முளைத்த பயிரைத் தானே பிடுங்கப் பார்த்தார். 1988இல் அவருடைய சொந்த வாழ்க்கை சந்திக்கு வந்து, தொலைக்காட்சியில் அழுது மன்னிப்புக் கேட்டது தனிக்கதை. ஸ்டிரைப்பர் 1992இல் கலைந்து 2003இல் மறுபடி கூடியது. 1963இல் பிறந்த மைக்கேல் ஸ்வீட் அறுபது வயதை நெருங்கியபோதும் புது ஆல்பங்கள் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அங்கிளின் ஆள் ஸ்வீட் அல்ல. பெட்ரா பேண்டின் ஜான் ஷ்லிட். பெட்ரா என்றால் கிரேக்கத்தில் பாறை. 1972இல் கிட்டார்காரர் பாப் ஹார்ட்மன் தொடங்கியது. ஷ்லிட் அதற்கு முன் ஹெட் ஈஸ்ட் என்ற சாதாரண ராக் பேண்டில் பாடியவர். போதைப் பழக்கத்தால் 1980இல் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. மனம் மாறினார், பாட்டை விட்டார், சுரங்கத் துறையில் இன்ஜினியர் வேலைக்குப் போனார். இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. ராக் பாடகர்களை இருபது வயதில் கண்டுபிடிப்பார்கள், முப்பதில் மறப்பார்கள். பெட்ரா இவரைக் கூப்பிட்டது 1986இல், அப்போது வயது 36. ஐந்து வருடம் மேடை ஏறாத குடும்பஸ்தர். 2005 கடைசியில் பெட்ரா விடைபெறும்வரை, 55 வயதுவரை, அவர்தான் முதன்மைப் பாடகர்.

1987இல் அங்கிளுக்கு இருபது வயது. ஷிப்டில் கூட வேலை செய்த ஒரு சீன நண்பர் 'திஸ் மீன்ஸ் வார்' கேசட்டைக் கொடுத்தாராம். பாயான் லெப்பாஸ் தெரியாதவர்களுக்கு: 1969இல் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் தொடங்கியது. 1972இல் இங்கே இலவச வாணிப வட்டாரம் வந்தது. இன்டெல், ஹியூலெட் பேக்கர்ட், ஏஎம்டி, போஷ், ஹிட்டாச்சி என்று ஆரம்பத்தில் வந்த எட்டு கம்பெனிகளை 'எட்டு சாமுராய்கள்' என்று இன்றும் சொல்கிறார்கள். நெல்வயலும் கம்பமுமாக இருந்த பகுதியில் கழகம் கட்டிய நகரம்தான் பாயான் பாரு. தோட்டத்தைவிட்டு வந்த தமிழர்கள், கம்பத்து மலாய்க்காரர்கள், நகரத்துச் சீனர்கள் மூன்று ஷிப்டாக ஒரே கேண்டீனில் சாப்பிட்டார்கள். கேசட்டுகள் அந்த மேசைகளில்தான் கை மாறின. தோட்டத்தில் வளர்ந்த தமிழ்ப் பையனுக்கு அமெரிக்கச் சபை ராக் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், கேண்டீன் வழியாக என்பதுதான் பதில். போதகர்கள் வழியாக வரவில்லை. அதனால்தானோ என்னவோ, போதகர்களுக்கு அதன்மேல் கடைசிவரை ஒரு சந்தேகம்.

இந்த நாட்டில் ராக் இசைமேல் சந்தேகம் சபைக்கு மட்டும் சொந்தமல்ல. 1992இல் தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் நீண்ட முடிக்காரர்கள் ஆர்டிஎம்மில் தோன்றக்கூடாது என்றார். சர்ச், விங்ஸ் பேண்டுகளின் ராக் நட்சத்திரங்கள் கேமரா முன் முடியை வெட்டிக்கொண்டார்கள். 2001இல் பிளாக் மெட்டல் பீதி கிளம்பி, பள்ளிப் பிள்ளைகளைக்கூடச் சோதித்தார்கள். அதே வருடம் மெகாடெத் பேண்டின் கோலாலம்பூர் நிகழ்ச்சி ரத்தானது, அவர்களுடைய மண்டையோட்டுச் சின்னம் ஆகாது என்று. அந்தப் பேண்டின் தலைவர் டேவ் மஸ்டெய்ன் அடுத்த வருடம் கையில் நரம்புக் காயம் பட்டு, வாசிப்பை விட்டு, கிறிஸ்தவரானார். எங்கள் அதிகாரிகளுக்கு இது தெரிந்திருந்தால் குழம்பியிருப்பார்கள். அங்கிள் அந்த நாட்களில் சபைக்குள்ளே 'இது உலகத்தின் இசை' என்று கேட்டார், வெளியே 'இது சாத்தான் இசை' என்று கேட்டார். போஸ்டர் ஒட்டினால் 'முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும்' என்று பெரிதாகப் போட வேண்டும். ஜன்னலில் முட்டைத் தட்டு ஒட்டிய கடைவீட்டு மேல்மாடிக்குள்தான் பாட முடியும். இப்படிப்பட்ட இடத்தில் 'சத்தம் அதிகம்' என்ற வார்த்தைக்கு டெசிபலைத் தாண்டியும் அர்த்தம் உண்டு. கமிட்டியின் பயத்தை நான் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். கீழ்த்தளத்துக் கடைக்காரர் ஒரு புகார் கொடுத்தால் போதும், அவர்களுக்குக் கூடும் இடமே போய்விடும்.

வயதுக்கு வருவோம். பினாங்குத் தமிழர்கள் வயதான பாடகரைப் பார்க்காதவர்களா? அலிகேட்ஸ் நம்மூர் பேண்ட். லோகநாதன், டேவிட் என்ற ஆறுமுகம் சகோதரர்கள், கூடைபோல் முடி, எழுபதுகளில் ஹாங்காங் கிளப்புகளில் பாடிவிட்டு வந்து மலாய்ப் பாட்டில் நாட்டையே பிடித்தவர்கள். லோகா 2007இல் இறந்தார். டேவிட் அதற்குப் பிறகும் பாடிக்கொண்டே இருந்தார், டத்தோ பட்டமும் வந்தது. அவரை யாரும் 'உங்க வயசுக்கு' என்று இழுக்கவில்லை. புகழ்பெற்றவன் வயதானால் அனுபவம், அமெச்சூர் வயதானால் கேலி. என் கோபம் இதில்தான். அங்கிள் கேட்பது காசு இல்லை, பேர் இல்லை. முப்பது வருடம் நைட் ஷிப்ட் பார்த்தவர், ஞாயிறு மாலை நாற்பது நிமிடம் கேட்கிறார்.

ஆனால் குரல் மாறியிருக்கிறது, அதை மறைக்கவும் முடியாது. வயது ஏறும்போது குரல் நாண்களின் தசை மெலிகிறது, நாண்கள் முழுதாக மூடிக்கொள்வதில்லை, காற்று கசிகிறது. நுரையீரலின் மீள்தன்மை குறைகிறது, மூச்சு பழையபடி நிற்பதில்லை. ஹார்ட் ராக் கேட்பதோ இந்த இரண்டையும்தான்: உயரமும் தம்மும். பெட்ரா பாட்டுகளில் உச்சிக்குப் போகும் இடத்தில் அங்கிளுக்கு நாலு முறைக்கு இரண்டு முறை குரல் உடைந்தது. கிட்டார்காரப் பையன் தலையைக் குனிந்துகொள்வான். அங்கிள் கண்ணை மூடிக்கொள்வார்.

என் கையில் இருந்தது மேசை மட்டும். முதலில் எல்லாரும் செய்வதுபோல் குரலைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினால் ஸ்பீக்கர் கீச்சென்று கத்தும், சின்ன அறை. மனிதக் குரல் கூட்டத்தில் தெளிவாக விழுவது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள். டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாரும் அங்கேதான் வந்து உட்கார்ந்துகொள்கிறது. குரலைத் தொடாமல் கிட்டாரில் அந்த இடத்தைக் குறைத்தேன். அங்கிள் கத்துவது பாதியாகக் குறைந்தது, தன் குரல் தனக்கே கேட்டதால். மொத்தச் சத்தமும் இறங்கியது.

பிறகு சுருதி. எங்கள் பாட்டி ஊரில் வயதான பாகவதர் ஒன்றரைக் கட்டையிலிருந்து ஒரு கட்டைக்கு இறங்கினால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறை ஒட்டிய வயதிலும் கச்சேரி செய்தவர், அவர் குரல் எந்தக் காலத்திலும் வெண்கலமாக இருந்ததில்லை. நம் மரபில் சுருதி பாடுகிறவருக்குச் சொந்தம். ராக்கில் அது ரெக்கார்டுக்குச் சொந்தமாகிவிட்டது. 1987இல் ஒருவர் எந்த உயரத்தில் பாடினாரோ அதே உயரத்தில் பாடினால்தான் பாட்டு, இல்லாவிட்டால் தோல்வி என்று அங்கிளும் நம்பிக்கொண்டிருந்தார். அப்பாவு சொன்னதை அவரிடம் சொன்னேன், பாடுகிறவன் மாற்றுவதுதான் பாட்டின் உயிர் என்று. "அது பறைப் பாட்டுக்குலா" என்றார். "இதுவும் கொட்டுதானே அங்கிள்" என்றேன்.

மொத்தக் குழுவையும் அரைப் படி இறக்கினோம். கிட்டாரின் தடித்த கம்பி 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 77.8க்கு வந்தது. எல்லாக் கம்பியையும் ஒரே அளவு தளர்த்துவதால் விரல் வைக்கும் இடம் மாறாது, பழைய பாட்டை அப்படியே வாசிக்கலாம். இன்னொரு வேடிக்கை: 440இல் இருக்கும் சுருதி அரைப் படி இறங்கினால் 415. பாக் காலத்து இசையை அந்தக் காலத்து வாத்தியங்களில் வாசிப்பவர்கள் இன்று வைத்துக்கொள்ளும் சுருதி அதுதான். கமிட்டிக்கு எழுதிய பதிலில் இதையும் சேர்க்கச் சொன்னேன், லுத்தரன் பின்னணி உள்ள மூப்பர் ஒருவர் இருக்கிறார்.

பதில் ஒரு பக்கம்தான். சாஸ்திரியாரும் வெப்பும் அதில் இருக்கிறார்கள், சாதி விஷயமும் இருக்கிறது, அங்கிள் அதை விடக் கூடாது என்றார். கடைசிப் பத்தியில் இரண்டு கோரிக்கை: ஒலி அளவைக் கமிட்டியே மீட்டர் வைத்து நிர்ணயிக்கட்டும், வயதைக் காரணமாகச் சொல்வதானால் எழுத்தில் சொல்லட்டும். கமிட்டி அடுத்த மாதம் கூடுகிறது. அதுவரை சுங்கை ஆராவில் மணிக்கு 30 வெள்ளி வாங்கும் ஜாமிங் ஸ்டூடியோவில் பயிற்சி. இந்த வாரம் இன்னொரு அரைப் படி இறக்கிப் பார்க்கலாம் என்கிறார் அங்கிள். பேஸ் வாசிப்பவன் ஒத்துக்கொள்ளவில்லை. நாலாவது கம்பி இப்போதே தொளதொளவென்று ஆடுகிறது, தடித்த கம்பி செட் வாங்கிக் கொடுத்தால்தான் ஆகும் என்கிறான்.